படத்தில் நின்ற தம்பி

இந்த ஊரில் பாதிப் பேருடைய முகம் என் கையால்தான் அடையாள அட்டையில் ஏறியிருக்கிறது. தலையை நேராக வையுங்கள், மோவாயைக் கொஞ்சம் இறக்குங்கள், அப்படியே இருங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட அதே தொனி வந்துவிடுகிறது என்று என் மனைவி சொல்வாள். போட்டோக்கடைக்காரனுக்கென்று ஒரு வியாதி உண்டு. எந்த இடத்தைப் பார்த்தாலும் இங்கே ஓர் ஆள் நின்றால் எடுப்பாக இருக்குமே என்று தோன்றும். அந்த ஆள் நானாக இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று தோன்றுவது மட்டும் என் சொந்தச் சரக்கு.

சொல்லவந்தது என் அக்காவைப் பற்றி. நடுநடுவே நான் குறுக்கே வந்து நிற்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். தடித்த கண்ணாடி, இரண்டு பக்கமும் கிளிப் குத்திய நரைத்த தலை, எங்கே போனாலும் தோளில் ஒரு பழுப்புக் கைப்பை. அவளுக்கு எதுவும் மெதுவாகத்தான் ஏறும். ஏறிவிட்டால் இறங்காது. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவள் அங்கேதான் இருந்தாள். நான் தாண்டிப் போனபோதும் அங்கேயே இருந்தாள். அப்புறம் பள்ளிக்கூடம் போதும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அம்மாவுக்குத் துணையாக வீட்டில் துணி மடித்தாள், ஜன்னல்களைச் சாத்தினாள். ஒரு துண்டை மடித்தால் நான்கு ஓரமும் ஒன்றாகச் சேரும்வரை கீழே வைக்கமாட்டாள். அவசரத்துக்கு முகம் துடைக்க அவளிடம் துண்டு கேட்டவன் காற்றிலேயே காய்ந்துவிடுவான்.

அம்மா போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதுவரை என்றாவது தெரிந்திருக்கும். நானாகவே பொறுப்பை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டதால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விட்டது. அக்காவின் செருப்பு வாரை நான் போட்டேன். அக்காவை யாராவது நலம் விசாரித்தால் நான் பதில் சொன்னேன். ஒரு தடவை பல் டாக்டர் அவளிடம் வாயைத் திறக்கச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் திறந்துவிட்டேன். டாக்டர் எட்டிப் பார்த்து, உங்களுக்கும் ஒன்று எடுக்கவேண்டும் என்றார்.

பட்டறையைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அக்காவைப் போல, கற்றுக்கொள்வது மெதுவாக நடக்கும் பெரியவர்களுக்காக ஒரு நிறுவனம் நடத்திய இடம் அது. நீளமான ஒரே அறை. ஒரு மேசையில் மெழுகுவர்த்தி, ஒரு மேசையில் காகிதப்பை, ஜன்னல் ஓரத்து மேசையில் இரும்புக்கடைக்கு ஆணியும் திருகும் பொட்டலம் போடும் வேலை. அங்கே இருந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டை, அதாவது அன்றாட வேலைகளைக் கைக்குப் பழக்குகிற சிகிச்சையாளரை, எல்லாரும் மேடம் என்று கூப்பிட்டார்கள். ஒவ்வொருவருடைய முழங்கையும் மேசையும் சமமாக இருக்கவேண்டும் என்று நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துக்கொண்டிருப்பார். யாருக்கு எது கைக்கு வரவில்லையோ அதற்கு ஏற்றமாதிரி கருவியை மாற்றிவிடுவார். ஆளை மாற்ற முயன்று அவரை நான் பார்த்ததில்லை.

அக்காவுக்கு எண்ணிக்கை நிற்காது. அதனால் மேடம் அவளுக்கு ஒரு துளைப்பலகை செய்துகொடுத்தார். ஒரு பொட்டலத்துக்கு எத்தனை திருகோ, பலகையில் அத்தனை குழி. குழிக்கு ஒரு திருகு வைக்கவேண்டும். எல்லாக் குழியும் நிறைந்ததும் பலகையைச் சாய்த்துப் பைக்குள் கொட்டவேண்டும். எண்ணவே வேண்டாம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு குழி காலியாக இருந்தால் ஊரே தீப்பிடித்தாலும் சாய்க்கமாட்டாள். நிறைந்ததும் பலகையின் மேல் ஒரு விரலை ஓடவிட்டு, "சரியா இருக்கு" என்பாள். பக்கத்து நாற்காலிக்காரர்களின் பலகையையும் எட்டிப் பார்த்து விரலை ஓடவிடுவாள். கொஞ்ச நாளில் பட்டறையில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் விழுந்தது.

முதல் நாள் நான் அவளை விட்டுவிட்டு வரவில்லை. பயந்துவிடுவாளே என்று கூடவே உட்கார்ந்தேன். பயந்தது யார் என்று மேடத்துக்குத் தெரிந்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று என் முன்னாலும் ஒரு பலகையை வைத்தார். நான் காகிதப்பை மேசைக்காரரிடம் என் கடைப் பெருமையைப் பேசிக்கொண்டே திருகு வைத்தேன். அக்கா என் பலகையை இழுத்து விரலை ஓட்டினாள். ஒரு குழியில் இரண்டு, ஒரு குழியில் ஒன்றுமில்லை.

"சரியா இல்ல," என்று திருப்பித் தள்ளிவிட்டாள்.

கடையில் ஆட்கள் காத்திருப்பார்களே என்று மேடம் என்னை நயமாக வெளியே அனுப்பினார்.

பட்டறைக்கு வேன் உண்டு. வேன்காரர் திருப்பத்தில் வேகமாகத் திரும்புகிறார் என்று காரணம் சொல்லி, அதில் அக்காவுக்கு வைத்திருந்த இடத்தை வேண்டாம் என்றேன். தினமும் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிவந்தேன். ஊரில் நாலு பேர் அதைப் பார்த்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று அவர்கள் சொன்னது என் காதில் விழுந்தது. விழாவிட்டால் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு குரூப் போட்டோவில் நின்றது. ஒரு தொழிற்சாலையின் ஆண்டுப் படம். மேடையின் ஒரு பாதியில் ஊழியர்கள், மறு பாதியில் நானும் கேமராவும். பின்வரிசைக்காரர்கள் முழுதாகத் தெரியவேண்டும் என்று நான் பின்னால் போனேன். இன்னும் கொஞ்சம் போனேன். மேடை முடிந்துவிட்டது. அத்தனை பேரும் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அசையக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். காலில் எலும்பு முறிந்தது.

நான் கட்டிலில் கிடந்தபோது அக்காவைக் கொண்டுபோய் விட ஆள் இல்லை. என் மனைவி விடிந்ததும் மருத்துவமனை வேலைக்குப் போய்விடுவாள். வேனில் நான் உதறிய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அக்கா தினமும் காலையில் குளித்து, கிளிப் குத்தி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வெயில் ஏறியதும் உள்ளே வந்து என் கட்டில் ஓரத்தில் பையைக் கழற்றாமல் உட்காருவாள். கட்டுப்போட்ட காலைப் பார்ப்பாள். என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டாள்.

"என் பலகையை யாரு எடுப்பாங்க?" என்று மட்டும் ஒரு நாள் கேட்டாள்.

வாரக்கணக்கில் அவள் போகாததால் மேடம் வீட்டுக்கே வந்தார். பட்டறையில் இடத்துக்குக் காத்திருப்பவர்கள் நிறைய என்றும், அந்த நாற்காலியை ரொம்ப நாள் காலியாக வைத்திருக்க நிர்வாகம் விடாது என்றும் சொன்னார். கால் சரியானதும் நானே கூட்டிவந்துவிடுவேன் என்றேன்.

"அடுத்த தடவை நீங்க விழுந்தா?"

"இனிமே பார்த்து நிப்பேன் மேடம்."

"நீங்க பார்த்துதான் நிப்பீங்க சார். ஆனா அக்காவுக்குன்னு ஒரு வழி இருக்கணும்ல?"

வழி என்று அவர் சொன்னது டவுன் பஸ். எங்கள் தெருமுனையில் ஏறினால் பட்டறைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம், மாறவேண்டியதில்லை. அக்கா பழகி, ஒரு நாள் தனியாக வந்து காட்டிவிட்டால் நிர்வாகத்திடம் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னார். முடியாவிட்டால் நாற்காலி போய்விடும். பழக்குவதற்குப் படங்கள் வேண்டும் என்றார். வீட்டு வாசல், ஏறும் நிறுத்தம், பஸ், வழியில் வரும் தண்ணீர்த் தொட்டி, இறங்கும் நிறுத்தம், பட்டறைக் கதவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்துக் கையில் கொடுத்துவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் திருப்பிக்கொண்டே போவாள்.

அவர் படம் என்று சொன்னதுமே என் காலில் வலி குறைந்துவிட்டது. ஊரில் எனக்கென்றே ஒரு வேலை வந்திருக்கிறதே. மேடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். படத்தில் தேவையில்லாதது எதுவும் இருக்கக்கூடாது. அக்கா படத்தில் உள்ளதை உள்ளபடி தேடுவாள் என்றார். அதைக்கூடவா தொழில்காரனுக்குச் சொல்லவேண்டும் என்று நான் தலையை ஆட்டினேன்.

கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் கிளம்பினேன். புதிதாக வாங்கிய கோடுபோட்ட சட்டை, ஸ்டாண்டு, டைமர். ஏறும் நிறுத்தத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. தேவையில்லாதது என்று அங்கே நின்ற ஒருவரை அதை நகர்த்தச் சொல்லி, எடுத்து முடித்ததும் பழைய இடத்தில் வைக்கச் செய்தேன். நகர்த்திவிட்டுக் கேமராவில் பார்த்தால் வெறும் கம்பமும் வெறும் சாலையுமாகச் சப்பென்று இருந்தது. வழி காட்ட ஓர் ஆள் வேண்டும் என்று பட்டது. கைத்தடியைப் படத்தில் தெரியாத இடத்தில் சாய்த்துவிட்டு, டைமரை முடுக்கி, நொண்டி ஓடிப்போய்க் கம்பத்தடியில் நின்று, கையை நீட்டிக் காட்டினேன். நன்றாக வந்தது. அதனால் எல்லாவற்றிலும் நின்றேன். தண்ணீர்த் தொட்டியில் என் தலைக்குப் பின்னால் சூரியன் விழும்படி எடுத்த படம் இன்றைக்கும் என் கடைக் கண்ணாடியில் இருக்கிறது.

மேடம் படங்களை முதலில் தன்னிடம் காட்டச் சொல்லியிருந்தார். நானோ பிளாஸ்டிக் உறை போட்டு, வளையத்தில் கோத்து, நேரே அக்காவின் கையில் கொடுத்துவிட்டேன். என் மனைவி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்காவுக்கு வழி காட்டச் சொன்னா, உங்களுக்குக் கண்காட்சி வெச்சிருக்கீங்க."

படங்களின் தரத்தைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பழக்கும் வேலையையும் நானே ஏற்றேன். முதலில் பக்கத்தில் உட்காருங்கள், அப்புறம் பின் இருக்கைக்குப் போங்கள், நாளாக நாளாக விலகுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தார். பின் இருக்கைக்குப் போனேன்தான். ஆனால் இறங்கும் நிறுத்தம் வந்தால் பின்வாசல் வழியாக முந்திக்கொண்டு இறங்கி, கம்பத்தடியில் போய் நின்று கையை நீட்டிவிடுவேன். படத்தில் இருப்பதுபோலவே இருக்கட்டுமே என்ற நல்ல எண்ணம். அக்கா அட்டையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், இறங்குவாள், அட்டையைத் திருப்புவாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. பட்டறைக்குள் நுழையும்போது அட்டைகளைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாள். வேலை நேரத்தில் பஸ் எதற்கு என்பது அவள் கணக்கு. அதனால் மேடம் அவற்றைப் பார்க்கவேயில்லை. படங்கள் எப்படி வந்தன என்று என்னைக் கேட்டார். பிரமாதம் என்றேன்.

தனியாக வந்து காட்டவேண்டிய நாள் வந்தது. இந்த முனையில் நான் ஏற்றிவிடுவது, அந்த முனையில் மேடம் நிறுத்தத்துக்கே வந்து நிற்பது, பஸ்ஸில் யாரும் கூடப் போகாமல் இருப்பது என்று ஏற்பாடு. வாசல் அட்டை ஆயிற்று, நிறுத்தம் ஆயிற்று, பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்குப் போகாமல் அங்கேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் மேடத்திடமிருந்து போன் வந்தது.

"சார், பஸ் வந்துச்சு. அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் கை காட்டினேன். அவங்களும் கை காட்டினாங்க. ஆனா இறங்கல. பஸ் போயிடுச்சு."

அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போவதாகச் சொல்லி வைத்துவிட்டார். நான் வழியில் வந்த டாக்ஸியை மறித்து ஏறினேன். உள்ளே உட்கார்ந்த பிறகு எனக்கு நினைப்பே சரியாக ஓடவில்லை. எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் எவனோ ஒருவன் வா என்றால் போய்விடுவாளோ, கூட்டத்தில் பையைப் பிடுங்கினால் அதன் பின்னாலேயே ஓடுவாளோ என்று என்னென்னவோ வந்தது. அவளுடைய குரல் எனக்குச் சரியாக நினைவு வரவில்லை. இத்தனை வருடமாக அவளுக்குப் பதிலாக நானே பேசிக்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம் என்று அப்போது தோன்றியது. அழுதுவிட்டேன். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

பஸ்கள் திரும்பும் கடைசி நிறுத்தத்தில், நிழலில் நின்ற அதே பஸ்ஸில், அதே ஜன்னலோரத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பை தோளில் இருந்தது. அட்டை கையில் இருந்தது. எதிர் இருக்கையில் கண்டக்டர் உட்கார்ந்து அவளுக்குக் காவல் இருந்தார். நான் கைத்தடியுடன் ஏறியதும் அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த ஆள் நீங்கதானே? படத்துல கொஞ்சம் நல்லா இருக்கீங்க."

எவ்வளவு சொல்லியும் அவள் இறங்கவில்லையாம். அட்டையில் என்னைத் தொட்டுக் காட்டி, இந்த ஆள் வந்தால்தான் இறங்குவேன் என்றாளாம். பாவம் என்று டீ வாங்கிக் கொடுத்தாராம். படத்தில் டீ இல்லை என்று மறுத்துவிட்டாளாம்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம்.

"ஏன் அங்க நிக்கல?"

"நீ தனியா வரணும்னுதானேக்கா…"

"படத்துல நிக்கிறியே." அட்டையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கோடுபோட்ட சட்டையில் கையை நீட்டிக்கொண்டு நான் நின்றிருந்தேன். "நீ இல்ல. அப்ப அது வேற ஸ்டாப்பு."

அவள் சொன்னதில் ஓர் ஓட்டையும் இல்லை. கம்பம் இருந்தது, பக்கத்துப் பெட்டிக்கடை இருந்தது, சாலை இருந்தது, மேடம்கூட உபரியாக இருந்தார். ஒரு குழி மட்டும் காலி. ஒரு குழி காலியாக இருந்தால் அக்கா பலகையைச் சாய்க்கமாட்டாள் என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு மூலையில் சந்தோஷமும் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். நான் இல்லாமல் அவளால் ஆகவில்லை, பார்த்தாயா என்று உள்ளே ஒருவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவனைக் கண்டு எனக்கே பயமாக இருந்தது. நாற்காலி போய்விட்டால் அவள் மறுபடியும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அவனுக்கு அதைப்பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் மேடம் வந்து சேர்ந்தார். வளையத்தை வாங்கி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பினார். தண்ணீர்த் தொட்டிப் படத்தில் நின்று கொஞ்ச நேரம் சூரியனைப் பார்த்தார்.

"தேவையில்லாதது எதுவும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே சார்."

"குப்பைத்தொட்டியை எடுத்துட்டேன் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். கண்டக்டரும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாற்காலி போய்விட்டதா என்று மேடத்திடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார். தெரியாத இடத்தில் அக்கா பதறவில்லை, யார் கூப்பிட்டும் இறங்கவில்லை, அட்டையைக் காட்டிக் காத்திருந்தாள். தனியாகப் போகிறவர்களுக்கு முக்கியமாக வரவேண்டியது அதுதானாம். அக்காவை நிர்வாகம் இன்னொரு தடவை பார்க்கும்படி செய்வது தன் பொறுப்பு என்றார். ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும் என்றும் சொன்னார்.

"படத்தை மட்டும் புதுசா எடுக்கணும். இந்தத் தடவை அக்காவே எடுக்கட்டும்."

தொழிலில் எனக்கு இதைவிடப் பெரிய அடி விழுந்ததில்லை. ஆனாலும் மறுநாள் கடையிலிருந்த சின்ன கேமராவின் வாரை அக்காவின் கழுத்தில் மாட்டினேன். நான் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஏறும் நிறுத்தத்தில் அவள் கேமராவை இரண்டு கையாலும் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். அது சாய்ந்திருந்தது. வானம் கிட்டத்தட்ட இல்லை. வெயில் நேரே லென்ஸில் அடித்தது. சொல்லிவிடலாமா என்று என் வாய் துடித்தது. அவள் தலையைத் தூக்கினாள்.

"தம்பி, தள்ளு."

தள்ளினேன். மறுபடியும் கேமராவுக்குள் பார்த்தாள்.

"இன்னும் தள்ளு."

இன்னும் தள்ளினேன். ஊர் முழுவதையும் நான் விரட்டப் பயன்படுத்திய சொல் அது. என்னைப் பார்த்து ஒருவரும் சொன்னதில்லை. அவள் எடுக்காமல் தரையைக் காட்டினாள். என் நிழல் கம்பத்தடியில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன். குப்பைத்தொட்டியை நகர்த்தலாமா என்று கேட்டேன். வேண்டாம், அது தினமும் அங்கேதானே இருக்கிறது என்றாள்.

இப்படியே தண்ணீர்த் தொட்டி, இறங்கும் நிறுத்தம், பட்டறைக் கதவு. எல்லாமே கொஞ்சம் சாய்வு. இறங்கும் நிறுத்தத்தில் கம்பத்தின் தலை வெட்டுப்பட்டிருந்தது. என் கடையில் யாராவது இப்படி எடுத்தால் சீட்டைக் கிழித்து அனுப்பியிருப்பேன். ஆனால் ஒவ்வொன்றிலும் அங்கே என்ன இருக்குமோ அது இருந்தது, என்ன இருக்காதோ அது இல்லை. இல்லாதது நான்தான் என்பதற்குப் பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

திரும்பி வரும் வழிக்கும் அட்டைகள் வேண்டும். கடைசி அட்டை எங்கள் வீட்டு வாசல். அதை மட்டும் பாக்கி வைத்திருந்தாள். மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கேமராவை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். எட்டிப் பார்த்தேன். தெருவில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழக்கமாகிவிட்டதே என்று நானாகவே ஓரமாக ஒதுங்கினேன்.

"இதுல நில்லு," என்றாள்.

நான் காதில் வாங்கியதை நம்பவில்லை. வாசல் கதவைக் காட்டினாள்.

"நான் வர்றப்ப நீ இங்க இருக்கணும்."

நான் ஓட்டை விழுந்த பனியனில் இருந்தேன். வாயோரம் நுரை, கன்னத்தில் மூன்று நாள் தாடி முள். இரு, சட்டையாவது மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று நான் உள்ளே திரும்புவதற்குள் எடுத்துவிட்டாள். மனைவி பின்னாலிருந்து படத்தைப் பார்த்தாள். உள்ளது உள்ளபடி வந்திருக்கிறது என்றாள்.

மறுபடியும் அந்த நாள் வந்தது. இந்தத் தடவை நான் வாசலைத் தாண்டக்கூடாது என்று மேடம் கட்டளை. என் மனைவி அன்றைக்கு லீவு போட்டு ஸ்கூட்டர் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்கா தெருமுனையில் திரும்பி மறைந்தாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன், எழுந்தேன், போனைத் துடைத்தேன். ஒரு பெண் பாஸ்போர்ட் படம் வேண்டும் என்று போன் செய்தாள். வேறு கடைக்கு வழி சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மேடம் கூப்பிட்டார்.

"இறங்கிட்டாங்க சார். எனக்குக் கைகூடக் காட்டல. நேரா உள்ள போய்ப் பலகையை எடுத்துட்டாங்க."

நாற்காலி நிலைத்தது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியை மேசையில் வைத்தாள். சாயங்காலம் இருக்கிறது, ஆடாதீர்கள் என்றாள்.

சாயங்காலம் என்றால் திரும்பி வரும் வழி. அதில் மேடமும் இல்லை, யாரும் இல்லை. பஸ் வரும் நேரத்துக்கு முன்னாலேயே நான் சவரம் செய்து, கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, வாசலில் போய் நின்றேன். மனைவி ஜன்னலில் இருந்து பார்த்தாள்.

"படத்துல அந்தச் சட்டையா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே ஓடி, சட்டையைக் கழற்றி, துவைக்கப் போட்டிருந்த அந்தப் பனியனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பிவந்தேன். மழித்துவிட்ட தாடி முள்ளுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். படத்துக்கு நிற்கும் மாடலைப்போல அசையாமல் நின்றேன். மோவாயை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன்.

பஸ்ஸின் சத்தம் கேட்டது. தெருமுனையில் யாரோ வந்தார்கள், அவள் இல்லை. இன்னொருவர் வந்தார், அவரும் இல்லை. அப்புறம் பழுப்புப் பை தெரிந்தது. நிதானமாக, ஓரமாக, அட்டையைக் கையில் பிடித்தபடி அக்கா நடந்து வந்தாள். ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொள்ள என் கால் தூக்கியது. இறக்கி வைத்துக்கொண்டேன்.

அவள் எனக்கு எதிரே வந்து நின்றாள். அட்டையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பனியனைப் பார்த்தாள். என் வழவழத்த கன்னத்தில் வந்து அவள் கண் நின்றது. கையை நீட்டி, பலகையின் மேல் ஓட்டுவதுபோல, ஒரு விரலை என் கன்னத்தில் ஓட்டினாள்.

"சரியா இருக்கு," என்று சொல்லி அட்டையைத் திருப்பிவிட்டு உள்ளே போனாள்.